தொட்டியில் வளரும் பைகஸ் போன்சாய்: கவாத்தும் மண் மாற்றமும், தொடங்குவோருக்கான முழு வழிகாட்டி

போன்சாய் மரம் ஒன்றை ஆசையோடு வாங்கி வருபவர்களில் பலர் அன்றாடம் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கத்தரிக்கோலை எடுத்தால் மரம் பட்டுப்போய்விடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே விட்ட பிறகு இலைகள் சிறுத்து, உட்கிளைகள் காய்ந்து, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் விளிம்பு வழியாக வழிந்தோடத் தொடங்கும்போதுதான் ஏதோ தவறிவிட்டது என்பது தெரிகிறது. ஆழமற்ற தொட்டியில் வாழும் மரத்துக்கு வேரை நறுக்கிப் புது மண் இடுவதே ஆயுள் தருகிறது. கிளையை வெட்டுவது உருவம் தருகிறது. இந்த இரண்டில் வேருக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜப்பானில் 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டதாகச் சொல்லப்படும் வெண்பைன் மரம் ஒன்று, 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் தப்பிப் பிழைத்தது. அதை வளர்த்து வந்த யமாகி குடும்பத்தின் மசாரு யமாகி 1976இல் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்; வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் அது பாதுகாக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக வேரை நறுக்கி மண்ணை மாற்றி வராமல் எந்த மரமும் இத்தனை காலம் ஒரு தொட்டிக்குள் வாழ்ந்திருக்க முடியாது.

இந்த வழிகாட்டி பைகஸ் மரத்தை, குறிப்பாக ஃபைகஸ் மைக்ரோகார்பா என்ற வகையை, வைத்து எழுதப்பட்டது. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த இது நம் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் பழகியது. வெட்டினால் பழைய மரப்பகுதியிலிருந்தும் துளிர்க்கக்கூடியது. வேர் இழப்பை நன்றாகத் தாங்குவது. பயிற்சி எடுக்க இதைவிடப் பொறுமையான மரம் கிடைப்பது அரிது. ஜூனிபர் போன்ற ஊசியிலை மரங்களுக்கு இதே முறை பொருந்தாது. அவற்றில் பச்சை இல்லாத கட்டையளவுக்குக் கிளையை வெட்டிவிட்டால் அந்தக் கிளை மீண்டும் துளிர்ப்பதில்லை.

எந்தப் பருவத்தில் செய்வது

ஜப்பானிய நூல்கள் மொட்டு விரியும் முன், வசந்தத்தின் தொடக்கத்தில் மண் மாற்றச் சொல்கின்றன. குளிரில் உறங்கி எழும் மேப்பிள், பைன் மரங்களுக்கான விதி அது. வெப்பநாட்டு மரமான பைகஸுக்கோ, சுறுசுறுப்பாக வளரும் காலமே வேரை வெட்ட ஏற்ற காலம். தமிழ்நாட்டுச் சமவெளியில் மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. அதை விட்டால் வெயில் தணிந்த ஆனிப் பிற்பகுதி முதல் ஆவணி வரை செய்யலாம். சித்திரையிலும் கத்திரி வெயில் நாட்களிலும் வேரைத் தொடக் கூடாது, ஏனெனில் வேர் உறிஞ்சித் தருவதைவிட அதிகமான நீரை இலைகள் ஆவியாக வெளிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறு ஒரு சிக்கல் உண்டு: மண் நாட்கணக்கில் சொதசொதவென்று ஈரமாகவே கிடப்பதால் வெட்டுப்பட்ட வேர் அழுகத் தொடங்கும். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் இருப்பவர்கள் சமவெளியில் கூடாது என்ற சித்திரை, வைகாசியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வளர்ந்த நுனிகளைக் கிள்ளும் சாதாரணக் கவாத்தை ஆண்டு முழுவதும் செய்யலாம். பெரிய கிளைகளை எடுக்கும் கவாத்தை மேலே சொன்ன வளர்ச்சிக் காலத்துக்கே ஒதுக்கிவைக்க வேண்டும். பெரிய கவாத்தையும் மண் மாற்றத்தையும் ஒரே நாளில் செய்வதைத் தொடங்குவோர் தவிர்ப்பது நல்லது. வேர் மீண்டும் முளைக்கத் தேவையான உணவை இலைகள்தான் தயாரிக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் மரம் எதைக்கொண்டு எழும்? ஒரு வேலை முடிந்து புதுத் துளிர் விரிந்து முற்றிய பிறகே, அதாவது ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே, அடுத்ததைத் தொடங்குங்கள்.

கவாத்து: எதை வெட்டுவது, எதை விடுவது

கையளவுள்ள கூரான கத்தரிக்கோல், தடித்த கிளைகளுக்கான செக்கேட்டர், ஈரத்துணி ஆகியவை போதும். கிளையின் அடியைச் சற்றுக் குழிவாக வெட்டித் தரும் போன்சாய் வெட்டுக்கருவி இருந்தால் தழும்பு சமதளமாக மூடும், ஆனால் முதல் நாளே அதை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. கருவிகளை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பைகஸை வெட்டினால் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் அரிப்பை உண்டாக்கக்கூடும். கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். கையுறை அணிவதும், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் தள்ளி வைப்பதும் நல்லது. வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் மரத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைத்து, தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். அடிமரம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அகன்று தெரிகிறது, மேற்புற வேர்கள் எந்தப் பக்கம் அழகாகப் பிரிந்து மண்ணுக்குள் இறங்குகின்றன என்று கவனித்து முகப்பைத் தீர்மானித்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். முகப்பை முடிவு செய்யாமல் வெட்டியவர்கள், பின்னால் தேவைப்படும் கிளையை முதலிலேயே இழந்துவிடுவார்கள்.

முதலில் காய்ந்த குச்சிகளையும், பழுத்த இலைகளையும் நீக்குங்கள். நடுநரம்பை ஒட்டி இரண்டாக மடிந்து, ஊதா நிறப் புள்ளிகளோடு இருக்கும் இலைகள் தென்பட்டால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே கரும்பூச்சிகளும் வெளிர்நிறக் குஞ்சுகளும் நெளியும். அவை பைகஸை விடாமல் தாக்கும் இலைப்பேன்கள். அப்படிப்பட்ட இலைகளை எல்லாம் பறித்து உறையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அடுத்து, உள்நோக்கி வளர்பவை, ஒன்றையொன்று உரசிக் குறுக்கிடுபவை, நேர் கீழே தொங்குபவை, அடிமரத்திலிருந்து செங்குத்தாகச் சீறி எழுபவை ஆகியவற்றை எடுங்கள்.

அதன் பிறகுதான் உருவத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பொதுவாக, மரத்தின் மொத்த உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கு கிளையில்லாமல் அடிமரம் தெரியும்படி இருந்து, அதற்கு மேல் முதல் கிளை தொடங்கினால் முதிர்ந்த மரத்தின் தோற்றம் கிடைக்கும். ஒரே உயரத்தில் இரு பக்கமும் எதிரெதிராகக் கிளைகள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரே கணுவிலிருந்து மூன்று, நான்கு கிளைகள் கிளம்பியிருந்தால் இரண்டை மட்டும் விட வேண்டும். இதைச் சும்மா விட்டுவிட்டால் அந்த இடத்தில் மரம் வீங்கி, அடியைவிட மேற்பகுதி பருத்துப்போகும். அதைப் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம். எது சரியான கிளை என்று தெரியவில்லையென்றால், அந்தக் கிளையைத் துணியால் மறைத்துவிட்டு மரத்தைத் தள்ளி நின்று பாருங்கள். ஐயம் நீங்காவிட்டால் ஒரு வாரம் காத்திருங்கள்.

வெட்டும் இடம் முக்கியம். கிளையைக் குறுக்கும்போது, நீங்கள் விரும்பும் திசையை நோக்கியிருக்கும் மொட்டுக்கு மேலே சில மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அடுத்த துளிர் அந்தத் திசையிலேயே போகும். கிளையை முழுதாக நீக்கும்போது, பெருவிரல் பருமன் உள்ளதாக இருந்தால் முதலில் சிறு கட்டையை விட்டு வெட்டி, அது காய்ந்த பிறகு அடிமரத்தோடு ஒட்டிச் சீவிவிடலாம். பெரிய காயங்களில் போன்சாய் கட் பேஸ்ட் பூசினால் ஓரங்கள் காய்ந்து சுருங்காமல், புதுப்பட்டை விரைவாக மூடிவரும்.

நுனியை வெட்டினால் கீழே துளிர்ப்பதேன் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஐயங்கள் தீர்ந்துவிடும். நுனிக்குருத்தில் உருவாகும் ஆக்சின் என்ற ஊக்கி, கீழிருக்கும் மொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனி போனதும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, அடங்கியிருந்த மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. ஆகவே கிளைகள் அடர்த்தியாக வேண்டுமானால், ஒரு துளிர் ஆறு முதல் எட்டு இலை வரை வளர்ந்த பிறகு இரண்டு அல்லது மூன்று இலைகளை மட்டும் விட்டு வெட்டிவர வேண்டும். கிளை பருக்க வேண்டுமானால் வெட்டாமல் நீளவிட வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே கிளையில் ஒரே நேரத்தில் அடைய முடியாது. மேற்பகுதிக்கே எப்போதும் வேகம் அதிகம் என்பதால், தலைப்பகுதியை அதிகமாகவும் கீழ்க்கிளைகளைக் குறைவாகவும் வெட்டுங்கள். கீழ்க்கிளை ஒருமுறை நலிந்துவிட்டால் அதை மீட்பது நெடுநாள் வேலை.

நர்சரிகளில் 'ஜின்செங்' என்ற பெயரில் விற்கப்படும், கிழங்குபோல் பருத்த வேர்களுடைய பைகஸ் உங்களிடம் இருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அவற்றில் பெரும்பாலானவை, தடித்த வேர்க்கட்டையின் மேல் சிறிய இலை வகை ஒட்டுக்கட்டப்பட்டவை. ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் துளிர்கள் பெரிய இலைகளோடு வரும். அவற்றை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே வெட்டினால் நீங்கள் வாங்கிய வகையையே இழந்துவிடுவீர்கள்.

இலை முழுவதையும் உதிர்த்து இலையளவைச் சிறிதாக்கும் முறையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நலமாக வளரும் முதிர்ந்த மரத்துக்கு மட்டுமே அது உரியது. முதல் சில ஆண்டுகளுக்கு அதை மறந்துவிடுங்கள்.

மண் மாற்றம்: நேரம் வந்துவிட்டதா?

தண்ணீர் மேலேயே தேங்கி மெதுவாக இறங்குவது, வடிகால் துளை வழியே வேர் வெளியே நீட்டுவது, வேர்க்கட்டு மரத்தையே தொட்டி விளிம்புக்கு மேல் தூக்கிவிடுவது ஆகியவை தெளிவான அறிகுறிகள். இளம் பைகஸுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும், முதிர்ந்ததற்கு மூன்று ஆண்டு வரையிலும் இந்த வேலை வரும். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கை மட்டும் பார்த்து மரத்தைப் பிடுங்க வேண்டாம்.

மண்கலவையில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால், ஆழமற்ற தொட்டியில் அது இறுகிச் சேறாகி வேருக்குக் காற்றே கிடைக்காமல் செய்துவிடும். ஜப்பானியர் அகடாமா என்ற எரிமலைக் களிமண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் நன்கு வெந்த செங்கல்லை உடைத்துச் சலித்த சில்லுகள் அந்த வேலையைச் செய்கின்றன: நீரைத் தேக்கியும் வைக்கும், இடையே காற்றும் ஓடும். இரண்டு பங்கு செங்கல் சில்லு, ஒரு பங்கு கரடுமுரடான ஆற்று மணல் அல்லது சிறு ஜல்லிப்பொடி, ஒரு பங்கு நன்கு மக்கிய இலை உரம் அல்லது மண்புழு உரம் என்பது சமவெளிக்குப் பொருந்தும் அளவு. மாடியில் வெயில் கடுமையாக அடிக்கும் வீடுகளில் மக்கிய உரத்தைச் சற்றுக் கூட்டலாம்.

சில்லுகள் 2 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிய கண் சல்லடையில் சலித்து மேலே தங்குவதை ஒதுக்கி, கீழே விழுந்ததைக் கொசுவலையளவு கண்ணுள்ள சல்லடையில் மீண்டும் சலித்து, தூள் முழுவதையும் நீக்கிவிடுங்கள். சோம்பல் காரணமாகத் தூளை விட்டுவைத்தால் அது தண்ணீரோடு இறங்கி, அடியில் கெட்டியான படலமாகத் தங்கிவிடும். இடிந்த கட்டடத்திலிருந்து எடுத்த செங்கல்லில் சிமென்ட்டோ சுண்ணாம்போ ஒட்டியிருந்தால் பயன்படுத்தாதீர்கள், அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். எம் சாண்டில் மாவுத்தூள் அதிகம். வேறு வழியில்லையென்றால் தண்ணீர் தெளியும் வரை கழுவிய பிறகே சேர்க்கலாம்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குள் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. மண்ணின் அடிப்பகுதி நிறைந்த பிறகே வடிகிறது. ஆக, ஈரம் தேங்கும் பகுதி ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது. ஏற்கெனவே ஆழம் குறைந்த தொட்டியில் இது கெடுதலே. முழுத் தொட்டியிலும் ஒரே கலவையை இடுங்கள்.

தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் பருமன் என்பது மரபான அளவு. முதல் தொட்டிக்கு இதைவிட ஓரிரு அங்குலம் கூடுதல் ஆழத்தை நான் பரிந்துரைக்கிறேன், கோடையில் மண் விரைவில் காய்ந்துபோகாது. வடிகால் துளைகளும், கம்பி நுழைக்கச் சிறு துளைகளும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

மண் மாற்றும் நாளன்று

முந்தைய நாளே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். சற்று உலர்ந்த மண் வேரிலிருந்து எளிதாக உதிரும். மரத்தை வெளியே எடுக்கும் முன் புதுத் தொட்டியைத் தயார் செய்துவிட வேண்டும். துளைகளின் மேல் பிளாஸ்டிக் வலைத் துண்டு வைத்துக் கம்பியால் பிணையுங்கள். மரத்தைக் கட்டுவதற்கு 1.5 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியை அடியிலிருந்து மேலே நுழைத்து இரு முனைகளையும் தொட்டிக்கு வெளியே மடித்து வையுங்கள். அடியில் ஓர் அங்குலம் கலவையைப் பரப்பி, மரம் உட்காரும் இடத்தில் சிறு மேடாகக் குவியுங்கள்.

வேலையை நிழலில் செய்யுங்கள். பழைய தொட்டியின் உட்சுவரையொட்டிக் கத்தியை ஒரு சுற்று ஓட்டி, தொட்டியைச் சாய்த்து, அடிமரத்தைப் பிடித்து மரத்தைத் தாய்மண்ணோடு வெளியே எடுங்கள். பிடுங்கி இழுக்கக் கூடாது. வேர்கள் தொட்டியின் வடிவிலேயே பாய் முடைந்ததுபோல் சுற்றிச் சுற்றிப் பின்னியிருப்பதைக் காண்பீர்கள். மூங்கில் குச்சியாலோ பழைய முள்கரண்டியாலோ, விளிம்பிலிருந்து வெளிநோக்கி மெல்லச் சிக்கெடுங்கள். அடிமரத்திலிருந்து தொடங்கி எல்லாப் பக்கமும் வேர்கள் ஆரமாக நீளும்படி சிக்கெடுப்பதே குறிக்கோள். இடையிடையே வேர்களின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். சல்லிவேர்கள் காற்றில் சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். வெண்பஞ்சு போன்ற திட்டுகள் தெரிந்தால் அவை வேர் மாவுப்பூச்சிகள். தாய்மண்ணை முழுவதும் கழுவி அகற்றிவிடுங்கள்.

இனி வெட்டு. நேர் கீழே இறங்கும் தடித்த வேர்களை முதலில் குறுக்குங்கள். ஆழமற்ற தொட்டியில் அவற்றுக்கு வேலையில்லை, மரத்துக்கு உணவும் நீரும் தருபவை பக்கவாட்டில் பரவிய சல்லிவேர்களே. சுற்றி வளைந்து அடிமரத்தை நெரிக்கும் வேரையும், அழுகிக் கருத்து இழுத்தால் தோல் உரிந்துவரும் வேரையும் நீக்குங்கள். பின்பு சுற்றளவில் நீண்டிருப்பவற்றைத் தொட்டியின் விளிம்புக்கு ஓரிரு விரல் இடைவெளி விட்டு நறுக்குங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். பாலித்தீன் பையிலிருந்து முதன்முறையாக மாற்றப்படும் கன்றில் ஆணிவேர் தடித்து நீண்டிருந்தால் இம்முறை பாதி, அடுத்த மண் மாற்றத்தில் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மரத்தை மேட்டின் மேல் வைத்து, இடமும் வலமுமாகச் சற்றே திருகி அழுத்தினால் அடியில் வெற்றிடமின்றி உட்காரும். செவ்வகத் தொட்டியானால் நட்டநடுவே வைக்காமல், நீளவாட்டில் ஒரு பக்கமாகவும் அகலத்தில் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னாலும் வைப்பது கண்ணுக்கு இதமாக இருக்கும். மேற்புற வேர்களின் தொடக்கம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். வெளியே மடித்து வைத்த கம்பியைத் தடித்த வேர்களின் மேல் கொண்டுவந்து, மரம் அசையாதபடி முறுக்கிக் கட்டுங்கள். இந்தப் படியைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் காற்றில் மரம் ஆடும் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முளைத்த வேர்நுனிகள் அறுந்துபோகும்.

கலவையை நிரப்பி, மூங்கில் குச்சியை வேர்களுக்கு இடையே மேலும் கீழும் மெல்ல அசைத்து மண்ணை உள்ளே இறக்குங்கள். குச்சியைச் சுற்றி மண் இறங்குவது நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். கையால் அமுக்கிக் கெட்டிக்கக் கூடாது. கடைசியாக, பூவாளியால் மென்மையாக, துளை வழியே வரும் தண்ணீர் செந்நிறம் மாறித் தெளியும் வரை ஊற்றுங்கள்.

அடுத்த சில வாரங்கள்

வெளிச்சம் நிறைந்த, நேர்வெயில் படாத, காற்று மோதாத இடத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வையுங்கள். நிழல்வலையின் கீழ் வைத்தால் மிக நன்று. பின்னர் காலை வெயிலில் தொடங்கிப் படிப்படியாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். கடிகாரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மேல்மண்ணில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு விரலை வைத்துப் பார்த்து, ஈரம் குறையத் தொடங்கியதும் தாராளமாக ஊற்றுங்கள். வேர் குறைந்திருப்பதால் மரம் முன்பைவிட மெதுவாகவே நீரை உறிஞ்சும்; இந்த நாட்களில் பட்டுப்போகும் மரங்களில் பல, அன்பு மிகுந்து ஊற்றிய நீரால்தான் போகின்றன. புதுத் துளிர் விரியும் வரை, குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு, எந்த உரமும் வேண்டாம்.

பழைய இலைகள் சில மஞ்சளித்து உதிர்வது இயல்பு. கலக்கமாக இருந்தால் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மரத்தை அசைத்துப் பார்ப்பதும், வேர் பிடித்துவிட்டதா என்று மண்ணைக் கிளறுவதும் கூடாது. நான்கைந்து மாதங்கள் கழித்து, மரம் உறுதியாக நின்ற பின் கட்டுக்கம்பியை வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது வேருக்குள் புதைந்துவிடும். மண் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் எழுதிய அட்டையைத் தொட்டியில் செருகிவையுங்கள்; மரங்கள் கூடும்போது நினைவு மட்டும் போதாது.

கவாத்தில் விழுந்த பென்சில் பருமனுள்ள கிளைகளைத் தூக்கியெறிய வேண்டாம். அரையடி நீளத்துக்கு வெட்டி, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, பாலைக் கழுவி, ஈரமான ஆற்று மணலில் பாதியளவு புதைத்து நிழலில் வைத்தால் பைகஸ் எளிதில் வேர்விடும். அடுத்த முறை வேரை வெட்டத் தயக்கமாக இருந்தால், முதலில் இந்தக் கன்றுகளில் வெட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.